சிறகில் ஒட்டிய விலைச்சீட்டு

ஸ்காபரோ,
புரட்டாதி மாதம்

அன்பின் பிள்ளைக்கு,

கொப்பாவின் முழங்கால் நோ எப்படி என்று நீயே பார்த்து எழுது. அவனைக் கேட்டால் எந்த நேரமும் "சுகம்" என்றுதான் சொல்லுவான்.

உன்ர வரைபடங்களை ஆறுதலாக இருந்து பார்த்தேன். பல நாட்டுத் தாள்காசுகளை வண்ணத்துப்பூச்சிகளாக வெட்டி மடித்து, மண்டபக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டு, கனடாவிலிருந்து மெக்சிக்கோவுக்குப் போகிற மொனாக் வண்ணத்துப்பூச்சிக் கூட்டத்தைப் போல ஒரு தாபனக் கலை செய்யப்போகிறாய். மொனாக் பறக்கிற ஊரில் மாமி இருக்கிறா, அவவின் அபிப்பிராயம் வேணும் என்று எழுதியிருந்தாய். கேட்டபடியால் சொல்கிறேன். அது வடிவாகத்தான் வரும். வந்தவர்கள் எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுப்பார்கள். எனக்குப் பயமும் அதுதான். எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

உனக்குத் தெரியாத ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். மொனாக் எங்கே போய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று தேடியவர் ஃபிரெட் ஏர்க்காட் என்ற விலங்கியல் பேராசிரியர். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில், எங்கட சனம் இப்போது நிறைந்திருக்கிற இந்த ஊரில்தான் படிப்பித்தார். 1930களின் கடைசியிலிருந்து அவரும், பிறகு மனைவி நோராவும் சேர்ந்து, இதே வேலையாய்த் திரிந்தார்கள். ஒரு பூச்சியின் நிறை ஏறத்தாழ அரைக் கிராம். அதன் சிறகில் அடையாளம் ஒட்ட வேணும், அது பறக்கவும் வேணும். முதலில் முத்திரை மாதிரி நனைத்து ஒட்டுகிற சீட்டைப் பாவித்தார்கள். ஒரு மழைக்கே கழன்று விழுந்தது. பிறகு கடைகளில் கண்ணாடிச் சாமான்களில் விலை ஒட்டுகிற சீட்டு இருக்கிறதே, அழுத்தினால் பிடித்துக்கொள்ளுகிற வகை, அதுதான் சரிவந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழக விலங்கியல் பகுதிக்கு அனுப்பவும் என்று அதில் மிகச் சின்ன எழுத்தில் அச்சடித்து, சிறகில் ஒட்டிப் பறக்க விட்டார்கள். விலைச்சீட்டு ஒட்டிய வண்ணத்துப்பூச்சி! நீ சேர்க்க நினைத்த இரண்டு பொருளும் அந்தச் சிறகிலேயே சேர்ந்துவிட்டன.

கண்டுபிடிக்க நாற்பது வருடம் அளவில் போனது. 1975 ஜனவரியில் கென் ப்ரக்கர் என்ற அமெரிக்கரும் மெக்சிக்கோவின் மிச்சுவக்கான் மாநிலத்தில் பிறந்த கத்தலீனா அகுவாதோவும் அங்கே செர்ரோ பெலோன் மலையில் பூச்சிகள் தங்குகிற மரங்களைக் கண்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்தில், ஒயமெல் என்கிற ஊசியிலை மரங்களின் அடியும் கிளையும் தெரியாமல் செம்மஞ்சளாய் மூடிக்கொண்டு கோடிக்கணக்கில் இருந்தன. அடுத்த வருடம் வயதுபோன ஏர்க்காட்டே அங்கே ஏறிப் போனார். பாரம் தாங்காமல் முறிந்து விழுந்த கிளையில் இருந்த பூச்சிகளுக்கு நடுவில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒட்டிய சீட்டோடு ஒன்று கிடந்தது. "கண்டுபிடித்தார்கள்" என்று எழுதுகிறேனே ஒழிய, அந்த மலையடிவாரச் சனத்துக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களின் நாளை ஒட்டித்தான் பூச்சிகள் வந்து சேரும். செத்தவர்களின் ஆவிகள் திரும்பி வருகின்றன என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் போய்க் கேட்க வெளியில் இருந்தவர்களுக்கு இவ்வளவு காலம் எடுத்தது, அவ்வளவுதான்.

இப்போது காசுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1992இல் தொடங்கிய 'மொனாக் வாட்ச்' என்கிற அமைப்பு இன்றும் சீட்டு ஒட்டுகிறது. மெக்சிக்கோவில் செத்து விழுந்த பூச்சிகளில் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கிற ஊர்ச் சனத்துக்கு, சீட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 அமெரிக்க டொலர் பெறுமதியான பெசோ கொடுக்கிறார்கள். வயல் வேலை குறைந்த மாதங்களில் காட்டுத் தரையில் குனிந்து தேடுகிறவர்களுக்கு அது ஒரு வருமானம். அங்கே காட்டை வெட்டாமல் விட்டாலும் காசு உண்டு. பல ஊர்ப் பொதுக் காணிகளுக்கு அப்படி நிதி கொடுத்து வருகிறார்கள். வெட்டினால் அதிலும் கூடக் காசு வரும் என்பதுதான் சிக்கல். அங்கேயுள்ள எல் ரொசாரியோ சரணாலயத்தைப் பார்த்துக்கொண்ட ஒமேரோ கோமெஸ் முன்பு மரம் தறித்தவர், பிறகு மரத்தைக் காத்தவர். 2020 ஜனவரியில் காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்தார்.

மெக்சிக்கோவின் புது 100 பெசோத் தாளைத் தேடிப் பார். 2020 நவம்பரில் வந்தது. முன்பக்கத்தில் சோர் ஹுவானா என்ற கன்னியாஸ்திரிக் கவிஞர். பின்பக்கத்தில் அந்த மலைக்காடும் மொனாக்குகளும். அந்த வருடத்தின் சிறந்த தாள் என்று அனைத்துலக நாணயத்தாள் சங்கம் பரிசும் கொடுத்தது. காடு எப்படி இருக்கிறது? 1996-97 குளிர்காலத்தில் பூச்சிகள் 18 ஹெக்ரேயர் காட்டை மூடியிருந்தன. 2023-24இல் ஒரு ஹெக்ரேயரும் இல்லை, 0.9தான். அதற்கடுத்த வருடம் இரட்டிப்பாகி 1.79 ஆனது. வடக்கே வயல்களில் களைகொல்லி அடித்து அவற்றின் புழு தின்னுகிற செடியை அழித்தது ஒரு காரணம், காலநிலை இன்னொன்று. அந்தச் செடி எங்கட எருக்கலையின் குடும்பம், அதே பால், அதே நஞ்சு. உன்ர வேலியோரத்து எருக்கலையில் வரிவரியான புழு ஊருமே, அதுவும் மொனாக்கின் நெருங்கிய சொந்தம்தான். தமிழ்நாட்டில் அதை வெந்தய வரியன் என்கிறார்கள்.

மிச்சுவக்கானுக்கு நவம்பரில் பூச்சி வருகிறது. வருடம் முழுக்க டொலர் வருகிறது. வெளியே வேலை தேடிப் போனவர்கள், பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து, 2024இல் மெக்சிக்கோவுக்கு அனுப்பியது 64 பில்லியன் டொலருக்கு மேல். அதை ஆகக் கூடுதலாகப் பெறும் மாநிலங்களில் மிச்சுவக்கானும் ஒன்று. பூச்சியும் காசும் தெற்கே இறங்குகிற அதே எல்லையில்தான் ஆட்கள் வேலி ஏறுகிறார்கள். பிள்ளை, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: காசையும் வண்ணத்துப்பூச்சியையும் நீ மடித்துச் சேர்க்கத் தேவையில்லை. அவை ஏற்கெனவே ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. உன்ர வேலை அதைக் காட்டுவது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். மெக்சிக்கோக்காரர் கார்லோஸ் அமொராலெஸ் 2007இல் 'கறுப்பு மேகம்' என்று ஒன்று செய்தார். கறுத்தக் கடதாசியில் வெட்டிய 25,000 அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் காட்சியறைச் சுவர், கூரை எங்கும் அப்பிக்கிடக்கும். சாகக் கிடந்த பாட்டியைக் கடைசியாய்ப் பார்க்கப் போன நேரத்தில் வந்த யோசனையாம். ஒரு நிறமும் இல்லை, ஒரு மினுக்கமும் இல்லை. உள்ளே போனவனுக்கு வடிவா, அருவருப்பா என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் அது நல்ல வேலை. பிறகு அதே சாயலில் உடுப்புக்கடைக் கண்ணாடிகளிலும் துணி அச்சுகளிலும் பூச்சிகள் வரத் தொடங்கின. அவர் அவற்றையும் சேர்த்துத் தன் படைப்பின் பின்கதையாக ஆக்கினார். வடிவான சாமானுக்குக் கடைசியில் கடைக் கண்ணாடிதான் இடம் என்பதற்கு அவரே சாட்சி.

ஹான்ஸ்-பீற்றர் ஃபெல்ட்மனின் வேலையை நான் கண்ணாலேயே கண்டேன். 2011இல் மாமாவின் சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு நியூயோர்க் போனபோது, குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குள் எட்டிப் பார்த்தோம். அவருக்கு ஹியூகோ பொஸ் பரிசாக ஒரு லட்சம் டொலர் கிடைத்தது. அந்த ஒரு லட்சத்தையும் ஒரு டொலர்த் தாள்களாக, பாவித்த தாள்களாக, சுவரிலும் தூணிலும் ஊசி குத்தி ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கிவிட்டார். வேறு ஒன்றுமே இல்லை. அறைக்குள் போனதும் காசு மணத்தது, கடை மேசை லாச்சியைத் திறந்தால் வருமே, அந்த மணம். தூரத்திலிருந்து பார்த்தால் பாசி பிடித்த பச்சைச் சுவர். கிட்டப் போனால் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு ஊத்தை, ஒவ்வொரு மடிப்பு. ஒன்றில் ஆரோ பேனையால் எதையோ கூட்டிப் பார்த்திருந்தார்கள். மாமா காவலாளியைப் பார்த்தார், நான் தாள்களைப் பார்த்தேன். ஃபெல்ட்மன் ஒரு தாளையும் மடிக்கவில்லை, ஓர் உருவமும் செய்யவில்லை. காசு காசாகவே இருந்தபடியால்தான் அது கை மாறி வந்த வழி எல்லாம் தெரிந்தது. நீ அதை வெட்டிச் சிறகாக்கினால் தெரியப்போவது உன்ர கத்தரிக்கோல்தான்.

டேமியன் ஹேர்ஸ்ற் பற்றி உன்ர ஆசிரியர் கட்டாயம் சொல்லியிருப்பார். வண்ணத்துப்பூச்சி, காசு இரண்டிலும் கை வைத்தவர் அவர். லண்டன் ரேற் மொடேனில் 2012இல் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளை அறையில் விட்ட அவரது காட்சி முடிவதற்குள் 9,000க்கு மேல் செத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பிறகு 'நாணயம்' என்று பெயர் வைத்து 10,000 புள்ளி ஓவியங்களை ஒன்று 2,000 டொலர் என்று விலைக்கு விட்டார். கடதாசி வேணுமா, கணினிப் பதிவு போதுமா என்று வாங்கியவர்கள் ஒரு வருடத்துக்குள் சொல்ல வேணும். 5,149 ஓவியங்களுக்குக் கடதாசி கேட்டார்கள். மிச்சம் 4,851 ஓவியங்களையும் 2022இல் எரித்தார். கெட்டித்தனந்தான். எனக்கு ஒட்டவில்லை. எரிக்கிற காசு கையில் உள்ளவர்களின் விளையாட்டு அது.

உனக்கு உதவப்போகிறவர் பிரேசிலின் சில்டோ மெய்ரெலெஸ். 1970களில் அங்கே இராணுவ ஆட்சி. 1975 ஒக்டோபரில் விளாடிமிர் ஹெர்சொக் என்ற பத்திரிகையாளர் இராணுவக் காவலில் இறந்தார், தற்கொலை என்றார்கள். மெய்ரெலெஸ் றப்பர் முத்திரை ஒன்று செய்து, "ஹெர்சொக்கைக் கொன்றது யார்?" என்று தாள்காசில் குத்தி, அதை வழக்கம்போலச் செலவழித்தார். தாள் கைமாறிப் போனது. பொலிசாலும் பிடிக்க ஏலாது, காசை ஒருவரும் கிழித்தெறியவும் மாட்டார்கள். ஏர்க்காட் செய்ததும் இதே வேலைதான், யோசித்துப் பார். பறக்கப்போகிற ஒன்றில் ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டு, முகம் தெரியாத ஒருத்தர் எங்கேயோ குனிந்து வாசிப்பார் என்று விட்டுவிடுவது. பேராசிரியருக்குப் பதில் வந்தது. ஓவியருக்குப் பதில் தேவைப்படவில்லை.

மடிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. வெனிசுவேலாவிலிருந்து எல்லை கடந்து கொலம்பியாவின் கூக்குத்தா நகருக்கு ஓடி வந்தவர்கள், பெறுமதி போன பொலிவார்த் தாள்களை மடித்துக் கோர்த்துக் கைப்பை பின்னித் தெருவில் விற்றார்கள். அந்த நாடு 2008, 2018, 2021 என மூன்று தரம் தன் காசிலிருந்து சுழியங்களை வெட்டியது, மொத்தம் பதினாலு. ஒரு பையில் இருந்த தாள்களால் அந்தப் பையையே வாங்க ஏலாத காலம். அங்கே மடிப்புக்குப் பின்னால் பசி இருந்தது. உன்ர மடிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உன்னையே கேள். அதே மாதிரி, ஓக்லண்ட் ஓவியை ஃபவியானா ரொட்றிகஸ் மொனாக்கின் சிறகை வரைந்து, இடம்பெயர்தல் அழகானது என்று பதாகை செய்தார். நாடு கடத்தப்படுவோமோ என்று பயந்துகொண்டு ஊர்வலத்தில் நிற்கிற பிள்ளையின் கையில் அந்தப் பதாகை முற்றிலும் நியாயம். எல்லோரும் செய்தபிறகு மண்டபக் கூரையில் நீயும் அதையே தொங்கவிட்டால், அது அலங்காரம்.

இன்னொன்று. உன்ர வரைபடத்தில் பூச்சிகள் தெற்கே போய் வட்டமிட்டுத் திரும்பி வருகின்றன. எந்த மொனாக்கும் அப்படிப் போய் வருவதில்லை. கோடை முடிவில் பிறக்கிற தலைமுறை மட்டும் எட்டு மாதம் அளவில் உயிரோடு இருந்து, 4,000 கிலோமீற்றர் வரை பறந்து, மலையில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வடக்கே கொஞ்சத் தூரம் வந்து முட்டையிட்டுச் செத்துவிடும். அதன் பிள்ளையும் பேரனுமாகத் தலைமுறை மாறித்தான் கனடாவுக்கு வந்து சேர்கிறது. என்ர மகன் முதல் தரம் யாழ்ப்பாணம் வந்தபோது ஒழுங்கை தெரியாமல் நின்றான், நீதான் கூட்டிக்கொண்டு போனாய். போனவர்கள் வேறு, திரும்பி வந்தவர்கள் வேறு. வட்டத்தை அழித்துவிடு.

எங்கட காசுக்கு வா. உன்ர கையில் இருக்கிற இலங்கைத் தாள்களைத் திருப்பிப் பார். 2011இல் வெளிவந்த வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு பறவை, ஒரு வண்ணத்துப்பூச்சி. மத்திய வங்கி உனக்கு முன்னமே பூச்சியைப் போட்டுவிட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவு; மே மாதத்தில் 360. பூச்சி அதே பூச்சி. அந்தக் காலத்தில் வங்கி விலைக்கும், வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் அனுப்புகிற உண்டியல் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது, அதனால் வெளிநாட்டில் இருந்தவர்கள் உண்டியலில் போட்டார்கள். வங்கி வழியாக நாட்டுக்கு வந்த காசு 2020இல் 7 பில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது, 2022இல் 3.8 பில்லியன். காசு வராமல் இல்லை, கணக்கில் இல்லாமல் வந்தது.

உண்டியலில் தாள் எல்லை கடப்பதே இல்லை என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. நான் இங்கே ஒருத்தரிடம் டொலர் கொடுப்பேன்; அங்கே வேறொருத்தர் அம்மாவிடம் ரூபாய் கொடுப்பார். நடுவில் பறந்தது ஒரு தொலைபேசிச் செய்தி மட்டும். உலகத்தில் பல இடங்களில் இதற்கு அடையாளமாக ஒரு தாள்காசின் இலக்கத்தைச் சொல்வார்கள். அந்தத் தாளைக் காட்டுகிறவருக்குக் காசு. இதை நீ மண்டபத்தில் எப்படிக் காட்டுவாய்? அதைத்தான் யோசிக்க வேணும். கூரையில் தொங்குகிற எந்தச் சிறகையும்விட அது கஷ்டமான கேள்வி, அதனால் நல்ல கேள்வி.

ஓவியர் சனாதனன் செய்த 'முற்றுப்பெறாத தோம்பு' (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) புத்தகம், 2011இல் வந்தது, உங்கட நூலகத்தில் இருக்கும். இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லி வாங்கினார். இடப்பெயர்வைப் பற்றி ஒரு பறவையும் பூச்சியும் இல்லாமல் செய்த வேலை. நீயும் உன்ர ஒழுங்கையிலேயே தொடங்கு. ஒவ்வொரு வீட்டிலும் கேள்: எந்த நாட்டுக் காசு வந்தது, ஆர் கொண்டுவந்து தந்தது, என்ன விலை, அது என்னவாக மாறியது? கூரையா, சீதனமா, இன்னொரு பிள்ளையை அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டினதா? என்னை இங்கே அனுப்ப அம்மா காணியை ஈடு வைத்தா. நான் வந்து தொழிற்சாலையில் நின்று அதை மீட்டேன். அந்தக் காணியில்தான் நீ இப்போது பட்டறை போட்டிருக்கிறாய்.

தாள்களை மடிக்காமல், வெட்டாமல் சுவரில் வை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏர்க்காட்டின் விலைச்சீட்டு மாதிரி ஒரு சின்னச் சீட்டு. அதில் அந்த வீட்டுக்காரர் சொன்ன ஒரு வரி. உண்டியல் காசுக்குத் தாள் வேண்டாம், வெறும் இலக்கம். கிட்டப் போனால் மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்தாக இருக்கட்டும்; சனம் படம் எடுக்காமல் குனியும்.

சாமான்களுக்கு நான் உதவுகிறேன். கனடாவின் பழைய ஒரு டொலர், இரண்டு டொலர்த் தாள்கள் என்னிடம் கொஞ்சம் இருக்கின்றன. 2021 ஜனவரி 1 முதல் அவற்றைக் கடையில் கொடுக்க ஏலாது. இரண்டு டொலர்த் தாளில் ரொபின் குருவி இருக்கிறது, அதுவும் குளிருக்குத் தெற்கே போகிறதுதான். சிம்பாப்வேயின் 100 ட்ரில்லியன் தாளை மாமா வேடிக்கைக்கு வாங்கி வைத்திருந்தார், அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். 1990களில் வந்த ஜேர்மனியின் 500 மார்க் தாளை வாங்கப் போகாதே, விலை கூட; படத்தை மட்டும் பார். அதில் இருக்கிறது மரியா சிபில்லா மேரியன், புழு பூச்சியாவதை 17ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துப் பார்த்துக் கீறிய ஓவியை. 1699இல், ஐம்பது வயது தாண்டி, தன் ஓவியங்களை விற்ற காசில் மகளையும் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினா. அந்தத் தாளின் பின்பக்கத்தில் அவவின் புழுவும் பூச்சியும் இருக்கின்றன. இந்தியாவின் பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்களை ஆரும் தந்தால் கவனமாக இரு. பத்துக்கு மேல் வைத்திருப்பது அங்கே குற்றம் என்று 2017இல் சட்டம் போட்டார்கள்.

இவற்றோடு, நான் வங்கியால் அனுப்பிய காலத்துப் பற்றுச்சீட்டுகளும் ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் திகதியும் அன்றைய விலையும் வெட்டிய கொமிசனும் இருக்கும். மார்கழியில் ஊருக்கு வருகிற ஒருத்தரிடம் கொடுத்துவிடுகிறேன். சுவரின் நீள அகலத்தை அதற்கு முதல் எழுது.

இலங்கைத் தாள் ஒன்றில் கத்தரி வைக்கவோ எழுதவோ முன்பு மத்திய வங்கியின் அறிவித்தலை ஒருக்கா வாசி. வேண்டுமென்று தாளைச் சிதைப்பது சட்டப்படி குற்றம், 2018 முதல் அப்படிச் சிதைத்த தாளை எந்த வங்கியும் மாற்றித் தருவதும் இல்லை.

அன்புடன்,
மாமி